மூன்றாவதாகக் கூப்பிடும் வீடு

ராஜஸ்தான் முகாம்
22-1-1972

அன்புள்ள அக்காவுக்கு,

மருதையன் எழுதுகிறேன். சண்டை முடிந்து ஒரு மாசம் ஆகிறது. இரண்டு கை இரண்டு காலோடு இருக்கிறேன், கவலைப்படாதே. லீவு மட்டும் இந்த வருஷம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உடைந்த பாலத்தையும் கொட்டகைகளையும் கட்டி முடிக்கிற வரைக்கும் எங்கள் இஞ்சினியர் படைக்கு வேலை இருக்கிறது.

இங்கே ஊரான் தலைக்கெல்லாம் கூரை போட்டுக்கொண்டு படுக்கப் போனால் நம் வீட்டுக் கூரைதான் கண்ணில் நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தி மார்கழியில் கிழக்கே குடிசைகள் எரிந்ததே, அன்றிலிருந்து எனக்கு வைக்கோலைக் கண்டால் பயம். நீ தனியாக அதற்குக் கீழே படுத்திருக்கிறாய். முகட்டில் உட்கார்ந்து கட்ட வீட்டில் ஆண்பிள்ளை இல்லாமல் வருஷா வருஷம் பக்கிரி மாமாவைக் கெஞ்சுகிறாய். இந்த வருஷத்தோடு அது போதும். ஓடு போட்டுவிடுவோம்.

தகரம் வேண்டாம். சித்திரை வெயிலில் உள்ளே சோறு தானாக வெந்துவிடும். மழையில் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. கல்நார் ஷீட் இங்கே வண்டி வண்டியாக வருகிறது. ஆணி அடித்த இடத்தில் விரிசல் விடும், புழுக்கமும் தாங்காது. சீமை ஓடுதான் நல்லது. நாட்டு ஓட்டை இரண்டு வரிசை கவிழ்த்து அடுக்க வேண்டும், அந்தப் பாரத்தை நம் மண் சுவர் தாங்குமா என்று தெரியவில்லை. நீ நாலு பேரிடம் விசாரித்து எழுது. பணத்துக்கு நான் ஆச்சு.

இன்னொன்றுதான் முக்கியம். மாசியில் பண்ணைக் களத்தில் கூரை வேய வைக்கோல் கொடுக்கக் கூப்பிடுவார்கள். நீ போய் வாங்கக் கூடாது. அவர்கள் வைக்கோல் நம் தலைக்கு மேல் இருக்கிற வரைக்கும் நாமும் அவர்கள் கொட்டிலில் கட்டின மாடுதான். குடியிருப்புச் சட்டம் வந்துவிட்டது அக்கா. போன வருஷம் ஆனி மாசம் பண்ணை நிலத்தில் எந்த மனையில் யார் குடியிருந்தார்களோ அந்த மனை அவர்களுக்கே சொந்தம். பட்டா கொடுக்க ஊருக்கு ஊர் விசாரணை வருமாம். அதிகாரி வரும்போது நம் வீடு ஓட்டு வீடாக நிமிர்ந்து நிற்க வேண்டும்.

உன் தம்பி,
மருதையன்

*

சேந்தங்கரை
கூத்தாநல்லூர் வழி
2-3-1972

தம்பி மருதையனுக்கு அக்கா அம்சம் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்க்கும் வாசித்துக் காட்டினேன். முன்பாதி தம்பி எழுதினது, பின்பாதி கட்சி மேடையில் எழுதினது என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஓட்டு வீட்டு ஆசை இருக்கிறது.

நீ சொன்னபடி விசாரித்தேன். கூத்தாநல்லூரில் நெய்னா முகம்மது ராவுத்தர் ஓட்டுக் கடைக்குப் போனேன். அவர் ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு இன்னொரு கை விரலால் சுண்டிக் காட்டினார். வெண்கலம் மாதிரி ஓசை வந்தால் நன்றாக வெந்த ஓடு, சொத்தென்று கேட்டால் தண்ணீர் குடிக்கும் ஓடு, யார் வாங்கிக் கொடுத்தாலும் சுண்டிப் பார்க்காமல் ஏற்றாதே தங்கச்சி என்றார். பிறகு ஓட்டு வேலை செய்கிற ரெத்தினத்தை அழைத்து வந்து காட்டினேன். அவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீ சொன்னதையே சொன்னான். சீமை ஓடுதான் பாரம் குறைவாம். மண் சுவருக்கு மேலே இரண்டடி செங்கல் வைத்து ஏற்றிவிட்டால் போதுமாம். ஓட்டைத் தாங்கும் கைமரத்துக்கு நல்ல வைரம் பாய்ந்த பனை வேண்டும், சவுக்கு வைத்தால் இரண்டாம் வருஷமே வளைந்து ஓடு வாயைப் பிளக்கும் என்றான். ரெத்தினத்துக்கே கொடுத்துவிடலாம் என்று எனக்குப் படுகிறது. ஏறி வேலை செய்கிறவன்.

இனி வைக்கோல் சங்கதி. போன வெள்ளிக்கிழமை களத்தில் கூப்பிட்டார்கள். காரியக்காரர் குஞ்சிதபாதம் உனக்குத் தெரியுமே, பண்ணையின் கையும் காலும் அவர்தான். காகிதமே வைத்துக்கொள்ள மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு பதினோரு வீட்டையும் வரிசை தப்பாமல் சொல்லுவார். பக்கிரி வீடு, பொன்னுத்தாய் வீடு, அம்சம் வீடு. அப்பா படுக்கையில் விழுந்த வருஷத்திலிருந்து மூன்றாவது நம் வீடுதான். கூப்பிட்டார். நான் அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். தெருவே என்னைப் பார்த்தது. எனக்கு வேண்டாங்க என்று மட்டும் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாலாவது வீட்டைக் கூப்பிட்டார்.

மறுநாள் உளுந்து பறிக்க எல்லாரையும் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. பரவாயில்லை. தம்பி சொன்னதற்காகச் செய்தேன் என்று நினைத்தால் பசிக்கவில்லை. கொஞ்சம் பசிக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

அம்சம்

*

ராஜஸ்தான் முகாம்
25-3-1972

அன்புள்ள அக்கா,

நீ களத்தில் நின்ற நிலையை இங்கே கூட இருக்கிற பையன்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. வேலைக்குக் கூப்பிடாவிட்டால் போகட்டும், மாசாமாசம் மணியார்டர் வரும்.

ரெத்தினம் வேண்டாம் அக்கா. நல்லவன்தான், ஆனால் வாய்வார்த்தையில் வேலை செய்கிறவன். இந்தக் காலத்துக்கு ரசீதும் காகிதமுமாக வேலை செய்கிற ஆள் வேண்டும். சாவித்திரியின் அண்ணன் தியாகேசன் தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் வீடுகள் எடுத்துக் கட்டுகிறார். அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். ஓடு, மரம், ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. நம் வீட்டு வேலையை நம் சம்பந்தியே செய்தால் சாவித்திரிக்கும் அந்த வீட்டில் ஒரு பிடிப்பு வரும் அல்லவா? கல்யாணமாகி ஒன்றரை வருஷமாகியும் அவள் தஞ்சாவூரில் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள். கூரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள்.

தியாகேசன் வரும்போது ஒரு காகிதம் கொண்டு வருவார். வேலைக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கும். வழக்கமானதுதான், கையெழுத்துப் போட்டுக் கொடு.

இன்னொன்று எழுத நினைத்தேன். நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

மருதையன்

*

சேந்தங்கரை
30-4-1972

தம்பிக்கு,

உன் மச்சான் வந்து போனார். சம்பந்தி வீட்டு ஆள் முதல் தடவை வருகிறார் என்று பொன்னுத்தாயிடம் கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். குறை சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரு தரம்கூட ஏணியில் ஏறவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம் என்று பக்கிரி மாமா என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சவுக்குக் கம்புதான் இறங்கியிருக்கிறது. பனை என்று சொல்லியிருந்தேனே என்றேன். தஞ்சாவூரில் எல்லாரும் சவுக்குதான் போடுகிறார்கள் என்றார். செங்கல் இரண்டடிக்குப் பதில் ஒன்றரை அடி. ஓட்டைச் சுண்டிப் பார்த்தேன். பத்தில் மூன்று சொத்தென்கிறது. சொல்லலாமா என்று யோசித்துச் சொல்லாமல் விட்டேன். உனக்கு மச்சான், எனக்கு வாய் நீளம் என்ற பேர் வேண்டாம்.

காகிதமும் கொடுத்தார். முழுநீளத் தாள், ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. வாசிக்க ஆசைதான். அஞ்சாவது வரைக்கும் படித்தது எதற்கு? ஆனால் சம்பந்தி நீட்டின காகிதத்தை அவர் முன்னாலேயே எழுத்துக் கூட்டி வாசிப்பது, பந்தியில் பரிமாறின சோற்றை மோந்து பார்ப்பது மாதிரி. நம்மில் யாரும் செய்ய மாட்டார்கள். அவர் இடம் காட்டினார், அம்சம் என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். நல்ல கையெழுத்து என்றார்.

நேற்றுக் கூரையைப் பிரித்தார்கள். பதினாறு வருஷத்துக் கரி முகட்டில் படிந்திருந்தது. கட்டினவன் திருவையாற்றுப் பக்கம் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு என்னைத் துரத்தின வருஷம் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அப்போது நீ பதினொரு வயதுப் பிள்ளை. அன்றைக்கு மூட்டின அடுப்புப் புகை எல்லாம் அங்கேதான் இருந்தது. அப்பாவின் கதிர் அரிவாள் ஒன்று கூரை வரிச்சில் செருகியபடி துருப்பிடித்துக் கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

சட்டி பானையெல்லாம் பொன்னுத்தாய் வீட்டில். நானும் அங்கேதான் படுக்கிறேன். ஒரு மாசத்தில் முடியும் என்றார் உன் மச்சான்.

அம்சம்

*

ராஜஸ்தான் முகாம்
12-6-1972

அக்காவுக்கு,

சூளையில் ஓடு தாமதமாகிறதாம். கிழக்குப் பக்கத்துச் சரிவு மூடியாயிற்று, மேற்கு மட்டும் பாக்கி என்று தியாகேசன் எழுதியிருக்கிறார். பொறுத்துக்கொள்.

ஐப்பசிக்குள் பட்டா விசாரணை வரும்போல இருக்கிறது. நீ அதற்கெல்லாம் போய் நிற்க வேண்டாம். தாசில்தார் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். தியாகேசன் போய்ப் பார்த்துக்கொள்வார். யாராவது ஏதாவது கேட்டால், எல்லாம் தம்பிக்குத் தெரியும் என்று சொல்லிவிடு.

வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

மருதையன்

*

சேந்தங்கரை
20-7-1972

மருதையனுக்கு,

ஆடி பிறந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. தெருவே நடவுக்குப் போயிருக்கிறது. என்னைக் கூப்பிடாததால் இதை எழுத எனக்கு நாள் முழுக்க இருக்கிறது.

சாவடிச் சுவரில் விசாரணை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பதினோரு பேர். யாரையும் கேட்காமல் நானே வாசித்தேன். முதல் பேர் பக்கிரி. இரண்டாவது பொன்னுத்தாய். மூன்றாவது, நாகப்பன் மகன் மருதையன், ராணுவம். எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்றுதான் நினைத்தேன். கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். அவர் காகிதக் கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்தார். கீழே என் கையெழுத்து. நல்ல கையெழுத்து என்று உன் மச்சான் சொன்னாரே, அதேதான்.

அதில் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன், மனப்பாடமாகிவிட்டது. "மேற்படி வீடு என் தம்பி மருதையனுக்கே பாத்தியப்பட்டது. புருஷனால் கைவிடப்பட்ட நான் அவர் தயவில் அதில் தங்கியிருக்கிறேன். எனக்கு யாதொரு உரிமையும் இல்லை. அவர் எப்போது சொன்னாலும் காலி செய்துகொடுக்கச் சம்மதிக்கிறேன்."

கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, நீதானே போட்டிருக்கே என்றார். நான்தான் போட்டேன்.

அப்பாவுக்கு மூன்று வருஷம் மலம் அள்ளிக் கொட்டினேன், அப்போது யார் தயவு? நீ பத்தாவது முடிக்கிற வரைக்கும் நாற்றங்காலில் குனிந்து நின்ற முதுகு இன்னும் நிமிரவில்லை, அப்போது யார் தயவு? ஓட்டுக்காக உன்னிடம் நான் கேட்டேனா? நீதான் எழுதினாய். வைக்கோல் வாங்காதே என்று நீதான் எழுதினாய், வாங்கவில்லை. வேலை போயிற்று. கூரையைப் பிரித்தாய், ஊரான் வீட்டில் படுத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக என் கையிலிருந்து எடுத்துவிட்டுக் கடைசியில் என்னையே எழுதி வாங்கியிருக்கிறாய்.

கட்டினவன் செய்ததும் துரோகம்தான். ஆனால் அவன் அயல் வீட்டுப் பிள்ளை. அன்றைக்கு அழுதேன், எழுந்து வந்தேன், வர ஒரு வீடு இருந்தது. இப்போது எங்கே எழுந்து போவது என்று தெரியவில்லை.

மேலே போனால் கெட்ட வார்த்தை வரும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று உனக்குத் தெரியுமா? உன் மச்சான் உனக்குத் தெரியாமல் செய்தார் என்று எழுதிவிடு. அது பொய்யாக இருந்தாலும் நம்பப் பார்க்கிறேன்.

அம்சம்

*

ராஜஸ்தான் முகாம்
9-8-1972

அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரியும். என்ன எழுத வேண்டும் என்று நான்தான் தியாகேசனுக்குச் சொன்னேன். "கைவிடப்பட்ட" என்ற வார்த்தை மட்டும் அவர் சேர்த்தது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. உங்கள் பேரில் பட்டா வந்தால் நாளைக்குத் திருவையாற்றிலிருந்து அந்த ஆள் வந்து புருஷன் என்று நிற்பான். ஆண்பிள்ளை பேரில் இருந்தால்தான் மனை நிலைக்கும். சாவித்திரி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சொந்தப் பேரில் மனையும், ஓட்டு வீடும் இருந்தால்தான் அவளை அனுப்புவார்களாம். எனக்கும் ஒரு குடும்பம் வேண்டாமா? உங்களை யார் காலி செய்யச் சொன்னது? கடைசி வரைக்கும் நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள். காகிதத்தில் ஒரு பேர்தானே.

நீங்கள் செய்ததும் சரியில்லை. என்னிடம் கேட்பதற்கு முன்னால் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கிரி மாமா என்னைக் கேட்டு ஒரு கார்டு போட்டிருக்கிறார். அதை எங்கள் முகாமில் எத்தனை பேர் வாசித்தார்கள் தெரியுமா?

விசாரணைக்குப் போய் எதிர்த்துப் பேசாதீர்கள். நீங்கள் சும்மா இருந்தால் மறுநாளே மேற்குச் சரிவையும் மூடச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் தியாகேசன் என்ன செய்வார் என்று என்னால் சொல்ல முடியாது.

மருதையன்

*

சேந்தங்கரை
29-10-1972

மருதையனுக்கு,

என்னை நீங்கள் என்று எழுதியிருந்தாய். அவ்வளவு மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு மாசம் பதில் எழுதவில்லை.

விசாரணை முடிந்தது. ஊரில் எல்லாரும் கட்சி இரண்டாகப் போனதைப் பற்றி டீக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வாரம் தாசில்தார் வந்தார். பூவரசு மரத்தடியில் மேஜை போட்டார்கள். எதிரே நம் வீடு. கிழக்குச் சரிவு சிவப்பாக, மேற்கு எலும்பு மாதிரி சவுக்குக் கம்போடு. உன் மச்சான் உன் பேரில் போட்ட ஓட்டு ரசீதும் மரத்து ரசீதும் என் கையெழுத்துத் தாளும் மேஜையில் வைத்தார்.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"இது உன் கையெழுத்தா?"

"என்னோடதுதாங்க."

"படிச்சுட்டுத்தான் போட்டியா?"

"இல்லைங்க."

"படிக்கத் தெரியும்தானே, அப்புறம் ஏன் படிக்கல?"

"தம்பி போடச் சொன்னாங்க."

உன்னை அந்த இடத்தில் 'சொன்னான்' என்று சொல்ல வாய் வரவில்லை. அதிகாரி முன்னால் உன் மரியாதையைக் காப்பாற்றினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுதிக்கொண்டார். தோற்றுவிட்டோம் என்று பொன்னுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பண்ணைக்காகக் குஞ்சிதபாதம் எழுந்தார். அவருக்கு நீயும் நானும் ஒன்றுதான். பதினோரு பேருக்கும் பட்டா கூடாது என்பதுதான் அவர் பேச்சு. இங்கே யாரும் குடியிருப்பவர்கள் இல்லை, வருவார்கள் போவார்கள், எல்லாம் பண்ணைக் கொட்டகை, பண்ணைதான் வருஷா வருஷம் தர்மமாக வைக்கோலும் மூங்கிலும் கொடுத்துக் கூரை போட்டுவைக்கிறது என்றார். தாசில்தார் பேனாவை நிமிர்த்தி, போன வருஷம் யார் யாருக்குக் கொடுத்தீர்கள், சொல்லுங்கள் என்றார்.

அவருக்குத் தன் ஞாபகத்தில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அதுவும் அதிகாரி கேட்கிறார். கண்ணை மூடினார். பக்கிரி வீடு, பொன்னுத்தாய் வீடு, அம்சம் வீடு. களத்தில் கூப்பிடுகிற அதே ராகம். பதினோரு வீட்டையும் சொல்லி முடித்துத்தான் கண்ணைத் திறந்தார். தாசில்தார் பதினொன்றையும் எழுதியிருந்தார். தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. யாரும் குடியிருக்கவில்லை என்றவர், யார் யார் குடியிருந்தார்கள் என்று அவரே வரிசையாகச் சொல்லிவிட்டார்.

தாசில்தார் நோட்டீஸைப் பார்த்து, "மருதையன் வீடுன்னு ஒண்ணு வரலையே?" என்று கேட்டார்.

"அப்படி ஒரு வீட்டை நான் கூப்பிட்டதே இல்லைங்க" என்றார் குஞ்சிதபாதம்.

எத்தனை வருஷமாக அம்சம் வீடு என்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார் தாசில்தார். தெருவே சேர்ந்து சொன்னது. பட்டா என் பேரில் எழுதச் சொல்லிவிட்டார். மற்ற பத்து வீட்டுக்கும் அவரவர் பேரில். எந்த வைக்கோலை நீ வாங்காதே என்றாயோ, அதை வாங்கினதுதான் எனக்குச் சாட்சியாக நின்றது. உனக்கு ஒரு சாட்சியும் இல்லாமல் போனதும் அதனால்தான். நீ ஒரு வருஷம்கூட அந்தக் களத்தில் வரிசையில் நின்றதில்லை.

சாயங்காலமே உன் மச்சான் வண்டி கொண்டு வந்தார். ரசீது மருதையன் பேரில் இருக்கிறது என்று சொல்லி ஓட்டை எல்லாம் இறக்கினார். சவுக்கையும் பிடுங்கிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் முதல் தடவை ஏணியில் ஏறினார். நான் தடுக்கவில்லை. சொத்தென்கிற ஓடுகளைத் தனியாக எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது எனக்கு மனை இருக்கிறது, நாலு சுவர் இருக்கிறது, மேலே ஐப்பசி வானம் இருக்கிறது. ரெத்தினம் கூலி வேண்டாம் என்று வந்திருக்கிறான். ஓடு எப்போதாவது போடலாம், இப்போதைக்குக் கீற்றுதான் கைக்கு எட்டும் என்றான். வீட்டுக்கு இருபது கீற்று என்று தெருவில் கொடுத்தார்கள். எரியுமே என்று கேட்பாய். எரியும்தான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டைப் பார்த்துப் பார்த்து நான் எரிந்ததைவிட அது ஒன்றும் பெரிதில்லை.

அம்சம்

*

ராஜஸ்தான் முகாம்
14-12-1972

அக்கா,

கடலூர்ப் பக்கம் புயல் அடித்ததென்று ரேடியோவில் சொன்னார்கள். நம் பக்கமும் காற்று பலம் என்றார்கள். கூரை நின்றதா? ஒரு கார்டு போடு. வேறொன்றும் கேட்கவில்லை.

நேற்று ஒரு கொட்டகைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே யார் படுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து ஆணி அடிக்கிறாயே என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் வேலை ஓடவில்லை, இறங்கிவிட்டேன்.

தாசில்தாரிடம் நீ சொன்னாயே, தம்பி போடச் சொன்னாங்க என்று. அந்த வரியை வாசிக்க முடியாமல் கடிதத்தை மடித்து மடித்து வைக்கிறேன். நான் செய்தது துரோகம். நீ எழுதினபோது கோபம் வந்தது. இப்போது அந்த வார்த்தை எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

சாவித்திரியிடமிருந்து கடிதம் வந்தது. காகித விஷயம் அவளுக்குத் தெரியாதாம். தெரிந்தபின் அண்ணனோடு பேச்சு இல்லையாம். கீற்றுக் கூரையானாலும் வருகிறேன், ஆனால் உங்கள் அக்கா கூப்பிட்டால்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறாள்.

மாசியில் இரண்டு மாசம் லீவு கிடைத்திருக்கிறது. வரலாமா? நீ வேண்டாம் என்றால் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

மருதையன்

*

சேந்தங்கரை
4-1-1973

மருதையனுக்கு,

கூரை நின்றது. மேற்கு மூலையில் நாலு கீற்று பறந்தது, அவ்வளவுதான். ரெத்தினம் பனங்கைமரம் வைத்துக் கட்டினது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் கீற்று ஏற்றினபோது முகட்டில் உட்காரப் பக்கிரி மாமாவைக் கூப்பிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டதென்று வரவில்லை. வீட்டில் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் என்ன, மழை காத்திருக்குமா? புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். தெருவில் பெண்பிள்ளை யாரும் முகட்டில் உட்கார்ந்ததில்லை. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பொன்னுத்தாய் கீழே நின்று கீற்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மேலேயிருந்து பார்த்தால் கோரையாறு வரைக்கும் தெரிகிறது. இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

இந்த மாசியில் களத்தில் யாரும் யாரையும் கூப்பிடப் போவதில்லை. வைக்கோலைக் கூலியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தெருவில் பேசி வாங்கியாயிற்று. என்னையும் அறுப்புக்குக் கூப்பிட்டாயிற்று. குஞ்சிதபாதம் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். பாவம், பதினோரு வீட்டுக்காரர்களும் கும்பிடுகிற ஒரே காரியக்காரர் அவராகத்தான் இருப்பார்.

நீ வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. சாவித்திரியைக் கூப்பிட்டு நான் தனியாகக் கார்டு போட்டுவிட்டேன், அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். யார் தயவு என்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாசியில் கீற்றுக்கு மேல் வைக்கோல் வேய வேண்டும். முகட்டில் நான் உட்காருவேன். நீ கீழே நின்று கட்டு எடுத்துக் கொடு.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதிவிடலாம், நீயும் நிம்மதியாக ரயில் ஏறுவாய். ஆனால் பொய்யாக இருந்தாலும் நம்புகிறேன் என்று நான்தான் முன்பு எழுதினேன், அப்போது நீ பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தீரவில்லை. நீ அக்கா என்று கூப்பிடும்போது நான் உடனே திரும்பிப் பார்க்காவிட்டால், காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் கூப்பிடாதே. விழுந்திருக்கும். கொஞ்சம் பொறு.

அம்சம்